இரண்டே முக்காலுக்கு ஊமையான மில்

செவ்வாய்க்கிழமை. மாலை 5.30.

மேனேஜர் கங்கிரெட்டி டிரம்மின் வாய்க்குள் ரப்பர் குழாயை விட்டு ஒரு டம்ளர் எடுத்தார். சிமெண்டு நயமாக அரைபட மில்லுக்குள் சொட்டுகிற மருந்து; தேன் நிறத்தில், மீன் வாடையோடு, விளக்கெண்ணெய் பதத்தில் வர வேண்டிய சரக்கு. வந்ததோ லேசாகப் பழுப்பேறிய தண்ணீர். ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"தூ! தண்ணி! அதுவும் நல்ல தண்ணி!"

அவருக்குப் பின்னால் சிமெண்டு மில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தமே சரியில்லை. உள்ளே இரும்புக் குண்டுகள் விழுந்து புரண்டு, சந்தைக்கடை மாதிரி கலகலவென்று இரையும் மில் அது. இன்றைக்கு மத்தியானம் இரண்டே முக்காலிலிருந்து மொத்து மொத்தென்று முனகிக்கொண்டிருந்தது. மணிக்கு அறுபது டன் அரைத்தது ஐம்பதுக்கு இறங்கிவிட்டது.

"காலையில எட்டரைக்குப் போட்ட டிரம்" என்றார் கங்கிரெட்டி. "ரெண்டே முக்கால் வரைக்கும் மில் குதிரையாட்டம் ஓடியிருக்கு. அப்போ உள்ளே மருந்து இருந்துச்சு. இப்போ தண்ணி இருக்கு. ரெண்டு மணிக்கு ஷிஃப்டுக்கு வந்தது யாரு?"

"நான்தான் சார்" என்றார் ஓபுலேசு.

"மருந்து எங்கே?"

"தெரியாது சார்."

"மில் படுத்ததும் ஏன் சொல்லலை? புஸ்தகத்துல 'கிளிங்கர் கெட்டி'ன்னு எழுதி வச்சிருக்கே. சூளையில சுட்டு வர்ற கல்லு சரியில்லைன்னு சூளைக்காரன் மேல பழியா?"

ஓபுலேசுவுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருஷமாக இந்த மில்லை ஓட்டுகிறவர். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே உள்ளே மாவு எவ்வளவு நயம் என்று சொல்லிவிடுவார்.

"நாளைக்கு நாலு மணிக்கு என் ரூமுக்கு வா. உண்மையைச் சொன்னா பார்க்கலாம். இல்லேன்னா வேலையும் போகும், போலீசுக்கும் எழுதுவேன்."

மணிக்கு ஒரு தடவை பரிசோதனைக்குச் சிமெண்டு சாம்பிள் எடுக்க வருகிற ஹுசேன்பி, கையில் தகர டப்பாவோடு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருஷ சர்வீஸ். சேர்ந்த புதிதில் அடுப்பு மேடை எட்டாமல் அவள் தவித்ததைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் இரும்புப் படி ஒன்று வெல்டு வைத்துக் கொண்டுவந்து போட்டவர் இந்த ஓபுலேசு. அந்தப் படியில்தான் இன்றைக்கும் ஏறி நிற்கிறாள். அந்த மனுஷனைத் திருடன் என்றால் அவளுக்குப் பொறுக்குமா?

மாலை 6.15. டீக்கொட்டகை.

"அண்ணா, என்கிட்ட சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல? டீ ஆறுது, குடி ஹுசேனக்கா." அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அக்காதான்.

"நீங்க எடுக்கலை."

"எடுக்கலைன்னு யாரு சொன்னா?"

"என் சல்லடை சொல்லுச்சு. மூணு மணி சாம்பிள், நாலு மணி சாம்பிள், அஞ்சு மணி சாம்பிள், மூணுமே நயம் குறையலை. மருந்து நின்னா மாவு குண்டுமேல அப்பிக்கும், அரைபடாது, கொரகொரன்னு வரும். நீங்க மில்லுக்குப் போற தீனியைக் குறைச்சு நயத்தைக் காப்பாத்தியிருக்கீங்க. மருந்தைத் திருடினவன் மாவைப் பத்தி ஏன் கவலைப்படறான்?"

ஓபுலேசு சிரித்தார். "உன் வாய்க்கு வக்கீலாப் போயிருக்கணும்."

"அப்புறம் ஏன் 'கிளிங்கர் கெட்டி'? யாரைக் காப்பாத்தறீங்க?"

சிரிப்பு அணைந்தது. எழுந்து, நொண்டிக்கொண்டே மில்லுக்குத் திரும்பினார். போன வருஷம் பீர்ல பண்டிகையில் அடிபட்ட முழங்கால். அவர்கள் ஊரில் மொகரம் என்றால் இந்துவும் முசல்மானும் சேர்ந்துதான். வெள்ளிக் கை பதித்த சாமிக் கம்பம்தான் பீர்; அதைச் சுமப்பது ஓபுலேசு வீட்டு உரிமை. பீரை வைக்கும் சாவடியின் தரை குண்டும் குழியுமாக வெடித்துக் கிடந்ததில் கால் இடறி, பீரைக் கீழே விடக்கூடாதென்று தன் முழங்காலைத் தரையில் கொடுத்தார். இந்த வருஷப் பண்டிகைக்கு இன்னும் பத்தே நாள்.

புதன்கிழமை. காலை 8.00.

ஊர் முனையில் பொரியில் கிண்டிய உக்காணியும் மிளகாய் பஜ்ஜியும் விற்கிற கடையில் ஒரே சிரிப்பு. கொத்தனார் புல்லன்னா நடுவில் உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருந்தான்.

"நேத்து சாயங்காலம் பீர்ல சாவடிக்குப் புதுத் தரை போட்டோம் பாரு, அப்படி ஒரு தரையை எங்கப்பன் காலத்துலயும் பார்த்ததில்லை. கலவையைக் கொட்டி மட்டப்பலகையை எடுக்கறதுக்குள்ள கல்லாயிடுச்சு! தண்ணி ஊத்திக் கிளறினேன், ம்ஹூம். கரணைதான் வளைஞ்சுது."

"சாமிக்குக் கோபம்யா" என்றது ஒரு குரல்.

"கோபமோ என்னவோ, நாத்தம் வேற. பூனை மூத்திரம் மாதிரி, எருமைத் தொழுவம் மாதிரி. கண்ணெல்லாம் எரிஞ்சுது."

ஹுசேன்பியும் சிரித்துவிட்டு உக்காணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஆலைப் பஸ்ஸில் ஏறினாள். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

காலை 10.30. மில் மாடி.

முதலில் டிரம்மைப் பார்த்தாள். எடை மேடைமேல் நிற்கிறது. வாய் வழியாக இறங்கும் உறிஞ்சு குழாய் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் முடிகிறது. எடை எவ்வளவு குறைகிறது என்பதைக் கண்ட்ரோல் ரூம் பார்த்துக்கொண்டே இருக்கும். சட்டென்று எடை இறங்கினால் மணி அடிக்கும்.

பிறகு எடைப் புத்தகத்தைப் புரட்டினாள். எட்டரைக்கு 219. ஒன்பதரைக்கு 201. பத்தரைக்கு 183. மணிக்குப் பதினெட்டு கிலோ, பிசகில்லாமல் சாயங்காலம் வரை. அதற்கு முந்தின டிரம்களைப் பார்த்தாள். 228, 228, 228. மறுபடி 219-க்கு வந்தாள். விரலை அந்த எண் மேல் வைத்தாள்.

தண்ணீர் குடிக்க, மூலையில் குடிதண்ணீர் கேன்கள் இருக்கும் இடத்துக்குப் போனாள். அங்கே பெருக்குகிற பெண் சொன்னாள்:

"இன்னைக்கு நிறைய இருக்கு, குடிங்கக்கா. நேத்துதான் கொடுமை. வண்டியில வந்த அஞ்சு கேனும் பத்து மணிக்கெல்லாம் காலி. குழாய்த் தண்ணியைக் குடிச்சுப் பார்த்தேன், உப்புக் கரிச்சுது, துப்பிட்டேன்."

"காலி கேனெல்லாம் எப்ப போகும்?"

"ரெண்டு மணிக்கு. ஷிஃப்டு முடிஞ்சு போற ஆளுங்களோட, அதே ஆட்டோவுல, நம்ம ஊருக்குத்தான்."

ஹுசேன்பி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். நல்ல தண்ணீர்தான். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம் என்றிருந்தது.

பகல் 1.00. பீர்ல சாவடி.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தரை அலை அலையாக உறைந்து கிடந்தது. அள்ளிப் போட்ட கேழ்வரகுக் களி அப்படியே கல்லானது போல இருந்தது. ஒரு துண்டைப் பெயர்த்து, எச்சில் தொட்டு மோந்தாள். மீன் வாடை. சாவடிக்குப் பின்புறம் சாக்கு போர்த்திய கேன்கள் இருந்தன. சாக்கைத் தூக்கிப் பார்த்தாள், மூடினாள்.

ஓபுலேசுவின் மச்சினன் மத்திலேட்டியைத் தேடினாள். அவன் உளி, சம்மட்டி வாங்க டவுனுக்குப் போயிருந்தான். ஆறு வயதில் தாய் தகப்பனை இழந்து, அக்காள் சென்னம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓபுலேசு வீட்டுக்கு வந்தவன். அவன் 'பாவா' என்று கூப்பிடுகிற ஓபுலேசுதான் சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, இந்த மில்லிலேயே வேலையும் வாங்கிக் கொடுத்தார். பகல் ஷிஃப்டு ஆபரேட்டர் அவன். புதன்கிழமை அவனுக்கு வார விடுமுறை.

ஓபுலேசு வீட்டு வாசலில் சென்னம்மா நின்றாள். "என்ன ஹுசேன்பி, உங்கண்ணன் ராத்திரி கேழ்வரகு சங்கட்டியைத் தொடவே இல்லை. கேட்டா வயித்துக் கடுப்புங்கறார். ஆலையில ஏதாவது வம்பா?"

"ஒண்ணுமில்லை அண்ணி. மத்திலேட்டி வந்தான்னா, நாலு மணிக்கு மேனேஜர் ரூமுல பாவா நிக்கறாருன்னு மட்டும் சொல்லுங்க."

மாலை 4.00. மேனேஜர் அறை.

"கடைசியாக் கேக்கறேன்" என்றார் கங்கிரெட்டி.

"நான்தான் எடுத்தேன் சார்" என்றார் ஓபுலேசு.

ஹுசேன்பி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒரு கையில் கண்ணாடி அளவு ஜாடி, மறு கையில் எடைப் புத்தகம். கக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம்.

"சார், அண்ணன் பொய் சொல்றார்."

"அவனே ஒத்துக்கிட்டான். உனக்கென்ன?"

"எவ்வளவு எடுத்தீங்க அண்ணா? எப்போ எடுத்தீங்க?"

ஓபுலேசு தடுமாறினார். "ரெண்டரைக்கு... ஒரு... நாப்பது லிட்டர்."

"ரெண்டரைக்கு நாப்பது லிட்டரை வெளியே எடுத்தா எடை சட்டுனு இறங்கும், மணி அடிக்கும். அடிச்சுதா? எடை நூல் பிடிச்ச மாதிரி இறங்குது பாருங்க சார். அவர் ஷிஃப்டுல ஒரு சொட்டுகூட வெளியே போகலை."

"அப்போ மருந்து எப்படித் தண்ணியாச்சு? மந்திரமா?"

ஹுசேன்பி ஜாடியை மேஜை மேல் வைத்தாள். அடிப்பாதியில் தேன் நிற மருந்து. மேலே, ஜாடிச் சுவரோடு ஒட்டினாற்போல நிதானமாகத் தண்ணீரை இறக்கினாள். இரண்டும் கலக்கவில்லை. கீழே பழுப்பு, மேலே வெள்ளை. ஒரு கண்ணாடிக் குழாயை அடிவரை விட்டு உறிஞ்சினாள். மருந்து வந்தது. மறுபடி மருந்து. மறுபடியும் மருந்து. பிறகு திடீரென்று தண்ணீர்.

"மருந்து கனம், தண்ணி லேசு. உறிஞ்சு குழாயோட வாய் அடியிலே இருக்கு. காலையிலேயே தண்ணி மேலே ஏறி உட்கார்ந்தாச்சு சார். அடியில இருந்த மருந்து தீர ஆறு மணி நேரம் ஆச்சு. தீர்ந்தப்போ அண்ணன் ஷிஃப்டு. அதான் கதை."

கங்கிரெட்டி கண்ணாடியைக் கழற்றினார். "காலையிலேயே இருந்ததுக்கு என்ன ருசு?"

"முழு டிரம் எப்பவும் 228. நேத்து எட்டரைக்கு ஏத்தும்போதே 219. நாம எல்லாரும் மணிக்கு எவ்வளவு குறையுதுன்னுதான் பார்ப்போம். எங்கேருந்து ஆரம்பிச்சுதுன்னு எவன் பார்க்கறான்? ஒரு லிட்டர் மருந்து ஒரு கிலோ நூறு கிராம். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. தொண்ணூறு லிட்டர் மாத்தினா ஒம்பது கிலோ குறையும். மிச்ச மருந்து நூத்தி இருபத்தொம்பது கிலோ; அதுல குழாய் வாய்க்கு எட்டாம அடியில நிக்கற பதினெட்டு போனா நூத்திப்பதினொண்ணு. மணிக்குப் பதினெட்டுன்னு வகுங்க. எட்டரையோட கூட்டுங்க."

கங்கிரெட்டி காகிதத்தில் கூட்டினார். "ரெண்டு நாப்பது. ரெண்டே முக்கால்னு வச்சுக்கலாம்" என்றார் மெதுவாக. "ஸ்டோர்ல நடந்திருக்கலாமே?"

"ஸ்டோர்லேருந்து டிரம்மை உருட்டிக்கிட்டு வர்றாங்க. உருட்டினா கலந்துடும், மில் ஆரம்பத்துலேயே முனகியிருக்கும். தண்ணி ஊத்தினது, மில் பக்கத்துல நிமிர்த்தி வச்ச பிறகு, மேடைமேல சங்கிலி போட்டுத் தூக்கறதுக்கு முன்னாடி. இன்னொண்ணு சார். நேத்து நீங்க நாக்குல வச்சு என்ன சொன்னீங்க?"

"தண்ணின்னேன்."

"நல்ல தண்ணின்னீங்க. மில் மாடிக் குழாயில வர்றது உப்பு. நேத்து நல்ல தண்ணி கேன் அஞ்சும் பத்து மணிக்கெல்லாம் காலி. மத்தியானம் வந்தவருக்கு நல்ல தண்ணி ஏது?"

எட்டரை மணிக்கு டிரம்மை நிமிர்த்தி ஏற்றியது யார் என்று அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"ஹுசேனக்கா" என்றார் ஓபுலேசு. கை கூப்பியிருந்தார். "வேண்டாம்மா. இத்தோட விடு. எனக்கு வயசாச்சு, நான் போறேன். அவனுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க. எதுக்கு எடுத்தானோ, யாருக்கு வித்தானோ, எனக்குத் தெரிய வேண்டாம். மில் ஊமையானப்போவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நான் வளர்த்த பிள்ளைம்மா அது."

ஹுசேன்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. "விக்கலை அண்ணா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பொட்டலத்தைப் பிரித்து, சாவடித் தரையின் துண்டை மேஜையில் வைத்தாள். அவள் பேச ஆரம்பிக்கும் முன் கதவு படாரென்று திறந்தது. தலை முதல் கால் வரை சிமெண்டுப் புழுதியோடு மத்திலேட்டி நின்றான். கையில் சம்மட்டி. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

"சார், நான்தான் சார்! பாவாவுக்கு ஒண்ணும் தெரியாது. டவுன்லேருந்து வந்து தரையை உடைச்சுக்கிட்டிருந்தேன், அக்கா வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். சத்தியமா சார்!"

"முதல்ல அந்தச் சம்மட்டியைக் கீழே வையி" என்றார் கங்கிரெட்டி, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு. "எதுக்குடா எடுத்தே?"

"தரைக்கு சார். சாவடித் தரைக்கு. தண்ணி நிறைய ஊத்திப் போட்டதாலதான் பழைய தரை வெடிச்சுது. தண்ணி கம்மியா ஊத்தினா கலவை ஓடாது, மேடு பள்ளமாவும்பான் புல்லன்னா. பாவாதான் எப்பவும் சொல்வார், 'இந்த மருந்து ஒரு சொட்டு விழுந்தா சிமெண்டு பாலாட்டம் ஓடும்'னு. அதான் ரெண்டு கேன் ஊத்தினேன். ஓடவே இல்லை சார், கல்லாயிடுச்சு. மிச்சம் அந்தத் தண்ணி கேன்லயே அப்படியே இருக்கு, கொண்டுவந்து தர்றேன்."

"தண்ணியை ஏன் ஊத்தினே?"

"டிரம் குறையாத் தெரிஞ்சா கேப்பாங்களே. மருந்தோட கலந்துடும், கொஞ்சம் நீர்த்துப்போகும், அவ்வளவுதான்னு நெனச்சேன்."

ஹுசேன்பி தலையில் அடித்துக்கொண்டாள். "அடப் பாவி! பாவா சொன்னது பொடியை! உடைஞ்ச பொடி ஒண்ணையொண்ணு கட்டிப் பிடிச்சுக்கும். அதைப் பிரிச்சு விடறதுதான் இந்த மருந்து. பத்து டன் பொடிக்கு மூணு கிலோ. தண்ணி பட்ட கலவையில அதையே கேன் கேனாக் கொட்டினா, பிரிக்காது, முடுக்கி விடும். பத்து நிமிஷத்துல இறுகிடும். கலவையை ஓட வைக்கிறது வேற மருந்து, என் அலமாரியில இருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒரு பாட்டில் எழுதி வாங்கிக் கொடுத்திருப்பேனே!"

"மில்காரன் போய் லேப்காரிகிட்ட சிமெண்டைப் பத்திக் கேக்கறதான்னு..." என்று இழுத்தான் மத்திலேட்டி.

கங்கிரெட்டி வாயைக் கையால் மூடிக்கொண்டார். இருமுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

ஓபுலேசு மட்டும் சிரிக்கவில்லை. மச்சினன் முன்னால் போய் நின்றார். "அந்தத் தரைக்கு என்னடா இப்படி ஒரு அவசரம்? களவாடற அளவுக்கு?"

மத்திலேட்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"போன வருஷம் நீ விழுந்தே பாவா. பீரை விடாம முழங்காலைக் கொடுத்தே. ராத்திரி அக்கா ஒத்தடம் கொடுக்கறப்போ நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தே, நான் பார்த்தேன். இந்த வருஷம் உன் காலுக்குக் கீழே ஒரு கல்லுகூட இருக்கக்கூடாதுன்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்லை."

ஓபுலேசு கையை ஓங்கினார். அடிக்கத்தான் ஓங்கினார். அந்தக் கை அவன் தலைமேல் போய் இறங்கி, புழுதியைத் தட்டிவிட்டது. "மடையா" என்றார். "முட்டாப் பயலே. நீ அதை வித்துட்டேன்னு நெனச்சேனே. நான் உன்னை அப்படி நெனச்சுட்டேனேடா." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

கங்கிரெட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார். "மத்திலேட்டி, ஒரு மாசம் சஸ்பெண்டு. திரும்பி வந்ததும் பாக்கிங் பகுதிக்குப் போ, ஒரு வருஷம் மில் பக்கம் தலை வைக்காதே. ஓபுலேசு, 'கிளிங்கர் கெட்டி'ன்னு பொய் எழுதினதுக்கு ஒரு மெமோ. சூளைக்காரன்கிட்ட மன்னிப்பும் கேக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஹுசேன்பி, அந்த ஓட வைக்கிற மருந்து பாட்டில்... எழுதிக் கொண்டா. கையெழுத்துப் போடறேன். சாமி காரியம்."

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. மாலை 6.00.

கல்லாகிப்போன தரையை மத்திலேட்டியே இரண்டு நாள் சம்மட்டி போட்டு உடைத்தான். அதற்குள் கையெல்லாம் கொப்புளம். புதுக் கலவையை ஹுசேன்பி பக்கத்தில் நின்று, மூடியால் அளந்து, சொட்டுக் கணக்கில் மருந்து விட்டுப் போட வைத்தாள். கலவை கரணைக்கு முன்னால் தானாகவே பரவியது. புல்லன்னா வாயைப் பிளந்தான். ஈரச் சாக்கு போட்டு ஆறு நாள் காத்தார்கள்.

இப்போது தப்பட்டை முழங்க, வெள்ளிக் கை தலைக்கு மேல் மின்ன, ஓபுலேசு பீரைத் தூக்கிக்கொண்டு சாவடிக்குள் வந்தார். ஊரே பீரைப் பார்த்துக் கும்பிட்டது. மத்திலேட்டி மட்டும் குனிந்து, பின்னாலேயே நடந்துகொண்டு, பாவாவின் கால்களையே பார்த்தான்.

"பார்த்து பாவா... மெதுவா... இங்கே ஒரு அடி..."

"வாயை மூடிக்கிட்டு நடடா" என்றார் ஓபுலேசு. "தரை பாலாட்டம் இருக்கு."